சாக்கடலில் நீராடுவோர்க்கு

ஏறக்குறையப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர், அரியலூர் பிரதேசத்தில் சமுத்திரம் பரவியிருந்தது என்பதற்குக் காரை கிராமத்துக் களிமண் மேடுகளில் கிடைக்கும் சுருள் வடிவான அம்மோனைட் புதைபடிவங்களே சாட்சி. ஆயினும் அக்கடல் விலகிப் போய்விட்டபடியால், உப்பு மிகுந்த நீரில் மிதக்க விரும்பும் நம் ஜில்லாவாசிகள் ஜோர்டான் தேசத்துச் சாக்கடலுக்குத்தான் பிரயாணப்பட வேண்டும்.

கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே, நீர் வெளியேற வழியின்றி வெயிலில் வற்றி வற்றி, சாதாரணக் கடலைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு உப்பேறி நிற்கும் அவ்வேரியில் சரீரம் தானே மிதக்கும். அபாயமும் அதிலேதான் இருக்கிறது: குப்புற விழுந்தவருக்குக் கால்களைக் கீழே இறக்குவது மிகவும் சிரமம். ஆகையால், குதிக்காமல், இடுப்பளவு நீரில் நின்று, சாய்வு நாற்காலியில் அமர்வதுபோல் மெல்லப் பின்புறமாகச் சாய வேண்டும்; எழுவதற்கு முழங்கால்களை மார்பருகே மடக்கிக்கொண்டு பாதங்களை ஊன்ற வேண்டும்.

முந்திய தினமே க்ஷவரத்தை நிறுத்திவிடுங்கள். சிறு கீறலும் தீயாய் எரியும். உப்புப் படிகங்கள் பாதத்தைக் கிழிக்குமாதலால் செருப்பு அவசியம். கண்ணில் தெறித்தால், ஈரக் கையால் கசக்காமல், நல்ல தண்ணீரால் உடனே கழுவுங்கள். நீரை விழுங்கினவரைத் தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். இருபது நிமிஷத்துக்குமேல் நீரில் இருக்கலாகாது. கரையேறியதும் நன்னீர் ஸ்நானம் செய்யுங்கள்.

ஜோர்டான் நதி திருப்பப்பட்டதால் ஏரி ஆண்டுக்குச் சுமார் 1 மீட்டர் தாழ்ந்து, கரையோரங்களில் திடீர்ப் பள்ளங்கள் விழுகின்றன. எனவே காவலர் உள்ள துறைகளிலன்றி வேறெங்கும் இறங்கவேண்டாம்.