எல்லை கடக்கும் குதிரைக்கு உரிய பத்திரங்கள்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்கு நம்மவர் சிலர் போய் வருவதுண்டு. தத்தமங்கலம் அங்காடி வேலைக் குதிரையோட்டத்தைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை எளிதில் விடுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நமது அன்பர் ஒருவருடன் நாமும் சென்றிருந்தோம். குதிரையை லாரியில் ஏற்றி நள்ளிரவில் எல்லைச் சாவடியை அடைந்தோம். பத்திரம் கையில் இருந்தது. ஆனால் அதில் கண்டிருந்ததோ செந்நிறப் பெண்குதிரை. லாரியில் நின்றதோ நெற்றிச் சுட்டியுள்ள ஆண்குதிரை! விற்றவர் வேறொரு குதிரைக்கு வாங்கிய பத்திரத்தை மாற்றித் தந்துவிட்டார். நாமும் படித்துப் பார்த்தோமில்லை. திரும்பிச் சென்று மருத்துவரைக் கண்டு மீள்வதற்குள் இரண்டு நாள் லாரி வாடகை போயிற்று. குதிரை பட்ட பாடு தனி.

காகிதத்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று அன்று நாமும் சலித்துக்கொண்டோம். காரணம் கிளாண்டர்ஸ் என்னும் நோய். மூக்கில் புண்ணும் சீழும், தோலில் கட்டிகளும் தோன்றும். சில குதிரைகளில் வெளிக்குறி ஒன்றுமே இராது. மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கவல்லது, தடுப்பூசி கிடையாது. கையால் கொள்ளு ஊட்டும் குழந்தைகள் உள்ள வீட்டினர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். நோயை உறுதி செய்வது இரத்தப் பரிசோதனையே. ஹிசார் நகரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இதில் முதன்மையானது. நோய் உறுதிப்பட்டால் குதிரையைக் கொன்றுவிடுவதே விதி. இதற்கென 1899-லேயே தனிச் சட்டம் இருந்தது. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, பிரயாணத்துக்குத் தகுதியுடையது, தொற்றுநோய் அற்றது என்று கால்நடை மருத்துவர் தரும் அத்தாட்சி குதிரையுடனேயே செல்லவேண்டும். ஒரு லாரியில் நான்கு முதல் ஆறு குதிரைகளுக்கு மேல் ஆகாது. இடையிடையே மூங்கிற் கழிகள் வேண்டும். எதிர்வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதிருக்க, தலை இடப்புறம் நோக்கியிருக்கவேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மிகலாகாது; போடிமெட்டு, குமுளி மலைப்பாதைகளில் எப்படியும் அதற்கு மேல் ஓட்ட முடியாதென்பது வேறு விஷயம்.

1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன் கோயமுத்தூரும் பாலக்காடும் ஒரே சென்னை ராஜ்யத்தில் இருந்தன. சித்தூர் கொச்சியையும், குமுளிப் பக்கம் திருவிதாங்கூரையும் சேர்ந்திருந்தன. ஆகவே அவ்விடத்தாருக்கு எல்லை புதிதன்று.

கறவைமாடு கொண்டுவருவோருக்கும் இதே அத்தாட்சி உண்டு. கோமாரித் தடுப்பூசிச் சான்றும், காதுவில்லையின் பன்னிரண்டு இலக்க எண்ணும் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

இரத்தப் பரிசோதனை முடிவு வரச் சில நாட்களாகும். ஆதலால் முன்பணம் கொடுக்குமுன்பே, அப்போது எவ்வெச் சான்றுகள் கேட்கப்படுகின்றன என்று நமது பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் விசாரித்து, விற்பவரிடம் சொல்லிவிடுவது நலம். பத்திரத்தில் நிறம், பால், சுட்டி, சுழி யாவும் சரியாக உள்ளனவா என்பதைக் குதிரையின் அருகில் நின்றே படித்துப் பார்க்கவும்.