முதலிற் சிறுநீர், பின்னர் மருந்து

கைக்குழந்தை ஒன்றிற்குக் கடுங் காய்ச்சல். சளியில்லை, இருமலில்லை. பால் குடிக்க மறுக்கின்றது, வாந்தி எடுக்கின்றது. பல் முளைக்கின்றது என்பர் சிலர். கண்ணூறு என்பர் வேறு சிலர். வைத்தியரோ குழந்தையின் சிறுநீரைக் கேட்கின்றார். காய்ச்சலுக்குச் சிறுநீர் எதற்கு எனத் தாய் ஐயுறுதல் இயல்பே.

சிறுநீர்ப் பாதையிற் கிருமி தொற்றினால் எரிவும் கடுப்பும் உண்டாகும். வளர்ந்த பிள்ளை அதனை வாய்விட்டுச் சொல்லும். கைக்குழந்தையிலோ காய்ச்சல் ஒன்றே அடையாளமாக நிற்றலும் உண்டு.

இத்தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாவது, 1885ஆம் ஆண்டில் தியோடோர் எஷெரிக் என்னும் குழந்தை வைத்தியர் கண்டறிந்து, பின்னர் அவர் பெயராலேயே வழங்கப்பட்ட எஷெரிக்கியா கோலி என்னும் கிருமியாகும். குடலில் வாழும்வரை இது பெரும்பாலும் தீங்கு செய்யாது. சிறுநீர்த் துவாரத்தின் வழியே ஏறிச் சிறுநீர்ப்பையை அடைந்தாற் தொல்லை தொடங்கும். சிறுநீரகத்தை எட்டினால் ஆபத்து மிகும். சிகிச்சை தாமதித்தால் அங்கே ஆறாத வடு விழுதலுங் கூடும்.

இக்கிருமியை அழிப்பன அன்ரிபயோட்டிக் மருந்துகள். ஆயினும் மருந்தின் முதல் வேளைக்கு முன்னரே சிறுநீரைச் சுத்தமான கலத்தில் எடுத்தல் வேண்டும். மருந்து உட்சென்றபின் எடுத்த சிறுநீரிற் கிருமி வளராது போகலாம். நோயின் சான்றே மறைந்துவிடும். சோதனை முடிவு வர இரண்டொரு நாட் செல்லும். கடுங் காய்ச்சலுள்ள குழந்தைக்கு வைத்தியர் அதுவரை காத்திரார். சிறுநீரைப் பெற்றதும் பொருத்தமான மருந்தைத் தொடங்குவார். கிருமி அதற்கு அடங்காததென முடிவு கூறினால் மருந்தை மாற்றுவார்.

எல்லா மருந்தும் எல்லா இடத்தையும் எட்டுவதில்லை. நைற்ரோபியூரன்ரொயின் சிறுநீரிற் செறிந்து சிறுநீர்ப்பைத் தொற்றைத் தீர்க்கும். சிறுநீரகத்தின் சதையிற் போதிய அளவு சேராது. ஆதலின் காய்ச்சலோடு கூடிய தொற்றுக்குச் செபலெக்சின் போன்ற வேறு மருந்துகள் வேண்டப்படும். முன்னர்க் கைகொடுத்த அமொக்சிசிலினுக்கு இன்று பல கோலிக் கிருமிகள் அடங்குவதில்லை.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அங்கு பெரும்பாலும் ஊசி வழியாகவே மருந்து ஏற்றப்படும். அவ்வயதைக் கடந்து, வாந்தியின்றிக் குடிக்கவல்ல பிள்ளைக்கு வாய்வழி மருந்தே பெரும்பாலும் போதும். சிறுநீர்ப்பையளவில் நின்ற தொற்றுக்குச் சில நாள் மருந்தும், சிறுநீரகத்தைப் பற்றியதற்குப் பொதுவாக 7 முதல் 10 நாள் மருந்தும் கொடுப்பது வழக்கம்.

இரண்டொரு நாளிற் காய்ச்சல் தணியும். உடனே மருந்தை நிறுத்தி, எஞ்சிய பாணியை அடுத்த பிள்ளைக்கென அலுமாரியில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இது இருவகையிற் கேடு. முதற் பிள்ளையின் நோய் மீளலாம். அடுத்த பிள்ளைக்கு அதனைப் புகட்டினால் அதன் சிறுநீர்ச் சோதனையும் பயனற்றுப் போகலாம். குறைந்த அளவு மருந்து கிருமிகளை அடங்காதனவாக்கும் எனப் பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்தார்.

ஆகவே, காரணந் தெரியாத காய்ச்சலுக்கு வைத்தியர் சிறுநீர் கேட்டால் தாய் ஐயுற வேண்டியதில்லை. கேட்க மறந்தாராயின், அவளே நினைவூட்டலாம். முதலிற் சிறுநீர், பின்னர் மருந்து, குறித்த நாள் முடியும்வரை பொறுமை. குழந்தையின் சிறுநீரகத்தைக் காக்கும் வழி இதுவே.