நூல் ஒன்றே, கயிறும் வலையும் வேறு

காசிமேட்டுத் துறைமுகத்தில் வலை பின்னுவோரைக் காணாதார் நம்மில் யார்? நூலை ஒரே திசையில் முறுக்கினால் கயிறு. குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னினால் வலை. நம் கையின் அமைப்பும் இத்தகையதே.

ஒரே கருவணுவிலிருந்து பெருகியவையே நம் உயிரணுக்கள் யாவும். ஆயினும் ஒத்த தொழிலுடையவை ஒன்றுகூடித் திசுக்களாகின்றன. திசுக்கள் பல இணைந்தே விரல் உருவாகிறது. இவற்றைக் கட்டி நிறுத்துவது எது? பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழையே. உயிரணுக்கள் தாமே நூற்றுத் தம்மைச் சுற்றி இடும் இழை அது. மூன்று சரடுகள் முறுக்கிய வடிவினது என 1954, 1955ஆம் ஆண்டுகளில் உலகிற்கு உரைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். நம் ஊரில் பிறந்த இக்கண்டுபிடிப்பை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் இவ்விழைகள் கயிறுபோல் ஒரே திசையில் அடுங்கியுள்ளன; தோலிலோ வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. எலும்பில் சுண்ணாம்புச் சத்து அவற்றின்மேல் படிந்து இறுகுகிறது.

திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்கூடங்களில் பணிபுரிவோர் இல்லங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. இயந்திரத்தில் சிக்கி விரலின் நாண் அறுபட்டால், மருத்துவர் முனைகளை இணைத்துத் தைப்பார். பின்னர் உயிரணுக்கள் புதிய இழைகளை நூற்கும். அவசரத்தில் இட்ட அவ்விழைகள் முதலில் ஒழுங்கின்றிக் கிடந்து, நாணைச் சுற்றியுள்ள உறையோடு ஒட்டவைத்துவிடும். ஒட்டிய விரல் மடங்காது. அளவறிந்து அசைத்து வந்தாலோ, இழுப்பு எத்திசையோ அத்திசையில் இழைகள் சிறிது சிறிதாய் வரிசை பெறும். மிகுதியாய் இழுத்தால் தையலே அறுந்துபோம். ஆகவே மருத்துவர் கூறும் நாளில், கூறும் அளவில் பயிற்சி செய்தல் வேண்டும். "தையல் பிரித்தாயிற்று, இனி எதற்கு?" என்று வலிக்கு அஞ்சிப் பாதியில் நின்றுவிடுவோர்க்கு, நல்ல அறுவையும் பயனற்றதாகிவிடக்கூடும். வீட்டார் உடன் சென்றால் அவர் நிற்கமாட்டார்.

இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கெனத் தனி நிலையமே உண்டு. அதனை வளர்த்தவர் மருத்துவர் ஆர். வெங்கடசாமி. இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு, இறந்தவர் ஒருவரின் கைகள் 2018 பிப்ரவரியில் அங்கே பொருத்தப்பட்டன. எலும்பு, நாண், குருதிக்குழாய், நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியே இணைக்கப்படவேண்டிய அரும்பணி அது. இணைத்த பின்னும் நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை 18 சென்டிமீட்டர் எனக் கொண்டால், அந்நுனி தொடுவதை உணர ஆறு மாதமாகும்.