திருநாள் முடிந்து வேலைக்குத் திரும்பும் முன்

தீபாவளித் திருநாளின் ஆரவாரம் அடங்கிவிட்டது. வாசலில் இட்ட கோலம் மழையில் கரைந்துவிட்டது. முறுக்கு டின்னில் பாதி மீந்திருக்கிறது. கிள்ளானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இன்னும் இரண்டொரு நாள் வீட்டில் இருப்பார்கள். பெரட்டுக்குச் செல்ல வேண்டிய காலையும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. திருநாளுக்கு முன் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று அறிவுரை கூறுவோர் பலர் உளர். நானும் அவர்களுள் ஒருவனாக இருந்திருக்கிறேன். திருநாளுக்குப் பின் எஞ்சும் இந்த இரண்டு மூன்று நாள்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் கணக்கு நேராவதும் கோணலாவதும் பெரும்பாலும் இந்நாள்களில்தான் என்பது பல தோட்டங்களைச் சுற்றி வந்த பின் எனக்கு ஏற்பட்ட எண்ணம்.

பால்மரம் வெட்டுவோரின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. இரவின் குளிர்ச்சியில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் அவ்வேளையில் வெட்டினால் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். இது மரத்தின் இயல்பு, கங்காணியின் பிடிவாதமன்று. ஆதலால் பிள்ளை கண் விழிக்கும் நேரத்தில் தந்தையும், பல வீடுகளில் தாயும், வெட்டுக்காட்டில் இருக்கின்றனர். ஆசிரியர் பயிற்சி முடித்து ஒரு தோட்டப் பள்ளியில் நான் சில காலம் பணியாற்றியபோது, மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் "காலையில் என் வீடு" என்னும் தலைப்பில் எழுதச் சொன்னேன். ஒரு சிறுவன் பாட்டியைப் பற்றியும் கோழிகளைப் பற்றியும் அழகாக எழுதியிருந்தான். "அப்பாவைக் காணோமே?" என்று கேட்டேன். "அப்பா காலையில் இருக்க மாட்டார் ஐயா. தீபாவளிக்குத்தான் இருப்பார்" என்றான்.

அந்தச் சிறுவனுக்கு ஆண்டில் கிடைத்தவை ஒரு சில காலைப் பொழுதுகளே. அவற்றையும் பட்டணத்துப் பேரங்காடியில் கழித்துவிட்டு, ஆளுக்கொரு கோழிப் பொரியலும் ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்து, கைப்பணத்தின் கடைசி ஐம்பது வெள்ளியையும் தீர்த்துவிட்டுத் திரும்புவதை நான் குறை கூறவில்லை. ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆயினும் பிள்ளைகள் வேண்டுவது அதுதானா என்று ஒருமுறை அவர்களையே கேட்டுப் பாருங்கள். அப்பாவோடு ஆற்றங்கரைக்குத் தூண்டிலுடன் செல்வது, அம்மாவோடு அமர்ந்து பழைய புகைப்படங்களைப் பார்ப்பது, தாத்தா எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்த ஆண்டில் இங்கு வந்தார் என்று கேட்டறிவது ஆகியவற்றுக்குச் செலவில்லை. முதல்நாள் மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்து எல்லோரும் ஒரே பாயில் அமர்ந்து உண்ணும் காலை உணவுக்கும் பெருஞ்செலவில்லை. கைப்பேசியை மட்டும் சற்று நேரம் அலமாரியில் வைத்துவிட வேண்டும். இதை எழுதும் எனக்கே அது கடினமாகத்தான் இருக்கிறது.

இனி, வேலைக்குத் திரும்பும் நாளைப் பற்றி ஒரு செய்தி. இதை அறியாமல் ஆண்டுதோறும் பணத்தை இழப்போர் இருக்கின்றனர். 1955 ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, பொது விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ, முதலாளியின் முன் அனுமதியும் தக்க காரணமும் இன்றி வராதவர், அந்த விடுமுறைக்குரிய சம்பளத்தைப் பெறும் உரிமையை இழக்கிறார். "ஒரு நாள்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று தங்கிவிடுபவர் இழப்பது ஒரு நாள் கூலியையன்று; இரண்டு நாள் கூலியை. 2025 இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு ஆகிறது. இரண்டு நாளுக்கு 130 வெள்ளிக்கு மேல். ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கும் காலணிக்கும் அது உதவும். கூடுதலாக ஒரு நாள் வேண்டுமென்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் கிராணியாரிடம் எழுதிக் கொடுத்து ஆண்டு விடுப்பிலிருந்து கேட்டுப் பெறலாம். ஈராண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு 8 நாள், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 12 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சட்டத்தில் உண்டு. கேட்டுப் பெற்றால் அது உரிமை. கேளாமல் தங்கினால் அது இழப்பு.

சிக்கனம் என்றவுடன் பலர் முகம் சுளிப்பர். "ஆண்டுக்கொரு திருநாள், அதிலும் கணக்கா?" என்பர். நான் கணக்குப் பார்க்கச் சொல்வது திருநாளையன்று. அதன் பின் வரும் மாதங்களை. தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. அதையொட்டியே மழையும் வருகிறது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரத்தில் வழிந்து வீணாகும். வெட்டுக்கு இறங்க முடியாத காலைகள் மிகும். ஜனவரி மாதம் பள்ளிச் செலவைக் கொண்டு வருகிறது. 2026 ஆம் ஆண்டிலிருந்து பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. அதைத் தாண்டினால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர் காலம். மரம் தன் பழைய இலைகளை உதிர்த்து, சேர்த்து வைத்த உணவைப் புதுத்தளிருக்குச் செலவிடும்போது நமக்குத் தரும் பால் குறைந்துவிடுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் கீழே ஒரு தளமாக இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதற்கு மேல் அதிகப் பாலுக்குக் கிடைக்கும் காசுதான் பல குடும்பங்களில் மீன் இறைச்சிக்கும் மருந்துக்கும் ஆகிறது; அக்காசுதான் இம்மாதங்களில் முதலில் மறைகிறது.

இப்போது தீபாவளிக் கடனை இந்த நாட்காட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். நகையை அடகுக் கடையில் வைத்திருந்தால், உரிமம் பெற்ற கடை மாதத்திற்கு நூற்றுக்கு 2 வெள்ளி வட்டி பெறலாம். மீட்க ஆறு மாதத் தவணை. நவம்பரில் வைத்த வளையலுக்கு மே மாதத்தில் தவணை முடிகிறது. இலையுதிர் காலத்தின் மெலிந்த மூன்று மாதச் சம்பளத்திற்குப் பிறகு, கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில் அது வந்து நிற்கிறது. தாயின் வளையல் திரும்பி வராமற் போவது இப்படித்தான். கடன் வாங்கியே தீர வேண்டுமென்றால், உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டிற்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. 1,000 வெள்ளிக்கு ஆண்டில் 180 வெள்ளி. மின்கம்பத்தில் தொலைபேசி எண்ணை ஒட்டிவிட்டுச் செல்லும் ஆள், மாதத்திற்கு நூற்றுக்குப் பத்து என்று கேட்டால், அதே 1,000 வெள்ளிக்கு ஓராண்டில் 1,200 வெள்ளி கட்டியும் முதல் அப்படியே நிற்கும். அவர் அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள்.

ஊழியர் சேமநிதியில் 2024 மே 11 முதல் மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. நம் பெயரில் சேரும் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் விழுகிறது; எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுப்பது தவறன்று, அதற்காகவே அது ஏற்படுத்தப்பட்டது. ஆனால் பட்டாசுக் கடனை அடைக்க அதை எடுத்தவர், இலையுதிர் காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எங்கே போவார்?

பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் நான் கண்ட ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநாளுக்கு மூன்றாம் நாள் இரவு அவ்வீட்டில் "கணக்கு இரவு". கடைக்காரரின் 555 எண் பொறித்த பற்றுப் புத்தகம், அடகுச் சீட்டு, மின்சாரச் சீட்டு எல்லாம் பாயின் மேல். அம்மையார் ஒவ்வொன்றாகப் படிக்க, ஐந்தாம் ஆண்டு பயிலும் மகள் கூட்டுகிறாள். கணவர் முதலில் கூச்சப்பட்டாராம். "பிள்ளை முன்னால நம்ம கடனைச் சொல்றதா?" என்றாராம். அதற்கு அம்மையார், "அவ சாப்பிட்ட அதிரசமும் அதில இருக்குங்க" என்றாராம். எனக்கு அந்த விடை மிகவும் பிடித்திருந்தது. கூட்டிய பின் எவ்வளவு, எந்த மாதத்தில் அடைப்பது என்று எழுதி நாட்காட்டியில் தொங்கவிடுகின்றனர். பெரியவை முதலிலா, சிறியவை முதலிலா என்று என்னைக் கேட்டார்கள். வட்டி ஓடுகின்றவை முதலில். வட்டியில்லாக் கடைப் பற்று அதற்குப் பின், ஆனால் மாதந்தோறும் கொஞ்சமேனும் கட்டிவிட வேண்டும், கடைக்காரரும் குடும்பம் நடத்துகிறவர் என்றேன்.

அதே இரவில் அவர்கள் இன்னொரு வேலையும் செய்கின்றனர். பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவுச் சான்று, அடையாள அட்டை நகல், சேமநிதி அறிக்கை ஆகியவற்றை வைத்திருக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்து சரிபார்க்கின்றனர். பட்டணத்தில் இருக்கும் பிள்ளைகளும் உடனிருக்கும் நேரம் இதுவே என்பதால் இதைவிட ஏற்ற நாள் இல்லை. கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திவிட்டுப் பதிவு செய்யாத மணமக்கள் இன்றும் உள்ளனர். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். அதைச் செய்யாததனால் பிள்ளையின் குடியுரிமைப் பத்திரத்திற்காகப் பதிவிலாகா வாசலில் ஆண்டுக் கணக்கில் காத்திருந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். டின்னில் எது குறைகிறது என்று அன்றிரவே தெரிந்துவிட்டால், பட்டணத்துப் பிள்ளை திரும்பிச் செல்லும் வழியில் ஒரு விண்ணப்பப் பாரத்தையாவது வாங்கி அனுப்பலாம்.

கடைசி நாள் மாலையில் அத்தோட்டத்து லயங்களின் பின்புறம் கல்லில் உளி தீட்டும் ஓசை கேட்டது. வாளிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. சில நாள்களாக மழைநீர் தேங்கி நிற்கும் மங்குகளைக் காலையில் முதலில் கொட்டிவிட வேண்டும், கொசு முட்டையிட்டிருக்கும் என்று அந்தக் கணவர் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உளியின் முனையைத் தொட்டுப் பார்க்க விரும்பினாள். அவர் அதைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியை அவளிடம் நீட்டினார்.