சைக்கிள் கணக்கும் எடை மெஷின் கணக்கும்

"மூணு மாசமா ஆபீசுக்கு சைக்கிள்லதான் வரேன் அண்ணா. ஒன்றரை கிலோதான் இறங்கியிருக்கு. பேசாம பைக்கையே எடுத்துடலாமான்னு பாக்கறேன்."

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டது. சர்க்கரை பார்டர்ல இருக்கு என்று டாக்டர் சொன்னபிறகு சைக்கிள் வாங்கியவர். எடை 80 கிலோ. வீட்டிலிருந்து ஆபீஸ் 8 கி.மீ., அரை மணி நேரம். விட்டுவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான் என்பதால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

உடலுழைப்பை அளக்க ஆய்வாளர்கள் 'மெட்' என்று ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் 1 மெட்; அதாவது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய 1 கலோரி (சாப்பாட்டுக் கணக்கில் நாம் சொல்லும் கலோரி). மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் மிதித்தால் சுமார் 7 மெட். சும்மா இருந்தாலும் செலவாகும் 1-ஐக் கழித்தால் 6. ஆக, 6 x 80 = 480 கலோரி ஒரு நாளைக்கு. வாரம் 5 நாள் என்றால் 2,400. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி வேண்டும். 12 வாரத்தில் மூன்றேமுக்கால் கிலோ குறைந்திருக்க வேண்டும்.

மீதி ரெண்டேகால் கிலோ எங்கே போச்சு? அதை 60 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 290 கலோரிதான். ரெண்டு மெதுவடை, சர்க்கரை போட்ட ஒரு டீ. மிதித்துவிட்டு வந்தால் பசிக்கத்தான் செய்யும், நம்ம ஆபீஸ் வாசலிலேயே டீக்கடை வேறு. சென்னை வெயிலில் வியர்வையாகப் போகும் தண்ணீரும் மெஷினைக் குழப்பும். காலையில் எழுந்ததும் பார்க்கும் எடையை மட்டும் நம்பலாம்.

ஆனால் எடை மெஷின் காட்டாத கணக்கு ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 2017-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரிட்டனில் சுமார் 2.6 லட்சம் பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்த தரவுகளை வெளியிட்டார்கள். சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு, கார், பஸ், ரயிலில் போனவர்களைவிட இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவு. இதய நோய் வருவது 46 சதவீதம் குறைவு. சைக்கிள்தான் காரணம் என்று இது நிரூபிக்காது. ஏற்கனவே திடமானவர்கள்தான் சைக்கிளைத் தொடுவார்கள் என்றும் வாதிடலாம். உணவு, புகைப்பழக்கம் போன்றவற்றைச் சரிக்கட்டிய பிறகும் வந்த எண்கள் என்பதால் ஒதுக்கித்தள்ள எனக்கு மனசில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி கேட்கிறது. தம்பி செய்வது சரியாக 300.

பெல்ட் எத்தனையாவது ஓட்டையில் நிற்கிறது, காலையில் படுக்கையிலேயே எண்ணிய நாடித்துடிப்பு எவ்வளவு என்று குறித்து வரச் சொன்னேன். பயிற்சி ஏற ஏற ஓய்வு நேரத் துடிப்பு இறங்கும். சர்க்கரையை டாக்டர் சொன்ன இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். ரெண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறார். முட்டி வலி வந்து பலர் சைக்கிளை ஓரங்கட்டுவது இதனால்தான். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், அந்த உயரம் சரி. ஒரு ஸ்பேனர் போதும். தெருமுனை பங்க்சர் கடையில் அஞ்சு நிமிஷ வேலை.