செம்பவாங்கில் ஒரு நாள்: ஒரு வெப்பமானி, நான்கு முட்டை, ஒரு குச்சி

எரிமலை இருக்கும் நாட்டில் வெந்நீரூற்று இருந்தால் யாரும் வியப்படைய மாட்டார்கள். சிங்கப்பூரில் எரிமலை கிடையாது. இருந்தும் இத்தீவின் வடகோடியில், செம்பவாங்கில், தரைக்கு அடியிலிருந்து சுமார் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீர் பொங்கி வருகிறது. அதே வட்டாரத்தில் ஓர் இயற்கைக் கடற்கரையும் இருக்கிறது. இரண்டையும் காண நுழைவுக் கட்டணம் இல்லை.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்ற பேச்சு உங்கள் வீட்டில் எழுந்தால், இம்முறை செம்பவாங் என்று சொல்லிப் பாருங்கள். தாத்தா பாட்டி வெந்நீரில் கால் நனைக்கலாம். தம்பி தங்கைகள் மணலில் விளையாடலாம். உங்களுக்கோ அங்கே ஓர் ஆய்வுக்கூடமே காத்திருக்கிறது. கையில் வேண்டியவை: 100 டிகிரி வரை காட்டும் சமையல் வெப்பமானி, கைக்கடிகாரம், குறிப்பேடு, நான்கு முட்டை, அளவுக்கோடு போட்ட ஒரு நீளக் குச்சி.

லிட்டில் இந்தியாவிலிருந்து கிளம்புபவர்கள் வடகிழக்கு ரயில் பாதையில் ஒரே நிறுத்தம் பயணம் செய்து தோபி காட்டில் இறங்கி, வடக்கு தெற்குப் பாதைக்கு மாறினால் போதும். வெந்நீரூற்றுப் பூங்காவுக்குக் கேன்பரா நிலையம் பக்கம். கடற்கரைக்கு அடுத்த நிலையமான செம்பவாங்கில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

கம்பாஸ் அவென்யூவை ஒட்டியிருக்கும் இந்த ஊற்று 1909இல் கண்டறியப்பட்டது. சுற்றியிருந்த கிராமத்துக்குக் கம்போங் ஆயர் பானாஸ் என்று பெயர். மலாயில் ‘ஆயர் பானாஸ்’ என்றால் வெந்நீர். 1920களில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் இந்த நீரைப் புட்டியில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இங்கே குளியல் தொட்டிகள் கட்டப்பட்டன. பிறகு பல ஆண்டுகள் விமானப்படைத் தளத்தின் எல்லைக்குள் இருந்த இடம், 2002இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. விரிவாக்கப்பட்ட பூங்கா 2020 ஜனவரியில் திறக்கப்பட்டது.

எரிமலை இல்லாமல் நீர் சூடாவது எப்படி? பூமிக்குள் இறங்க இறங்க வெப்பம் கூடும். உலகச் சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரி வரை கூடுகிறது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி, வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். தரைமட்ட வெப்பம் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 70இல் 28ஐக் கழித்தால் 42. அதை 30ஆல் வகுத்தால் 1.4. 25ஆல் வகுத்தால் 1.68. ஆக, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். மேலே வரும் வழியில் நீர் கொஞ்சம் ஆறியிருக்கும் என்பதால், உண்மை ஆழம் இதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

வட சிங்கப்பூரின் அடித்தளம் கருங்கல் வகைப் பாறையான கிரானைட். அதில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும். இவற்றின் கதிரியக்க அணுக்கள் சிதையும்போது வெப்பம் வெளிப்படும். ஒரு கைப்பிடிக் கல்லில் அந்த வெப்பம் உணரவே முடியாதது. பல கிலோமீட்டர் தடிமனுள்ள பாறையில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அது வெளிப்பட்டுக்கொண்டே இருப்பதால் அடியில் சூடு குறையாமல் நிற்கிறது. இலங்கையிலும் எரிமலை இல்லை. ஆனாலும் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன.

நான்கு அடுக்குகளில் ஆறும் நீர்

பூங்காவில் அடுக்கடுக்காக இறங்கும் குளம் ஒன்று உண்டு. மேலே 70 டிகிரியில் புறப்படும் நீர், நான்கு அடுக்குகளைக் கடந்து கீழே வரும்போது சுமார் 40 டிகிரிக்கு ஆறிவிடுகிறது. கால் நனைப்பதற்குரிய இடம் கீழ் அடுக்குதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 60 டிகிரி நீர் பெரியவர்களின் தோலையே சில விநாடிகளில் வேகவைத்துவிடும். 70 டிகிரி நீருக்கு ஒரு விநாடி போதும். சிறு குழந்தைகளின் தோல் இன்னும் மெல்லியது. எனவே தம்பி தங்கைகளின் கையைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு ஒருவருக்கு, வெப்பமானியைப் பிடிக்கும் பொறுப்பு இன்னொருவருக்கு என்று வீட்டிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கீழ் அடுக்கில்கூட முதலில் வெப்பமானி, பிறகுதான் கால்.

இனி முதல் சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு வாளிகளில் குழாயிலிருந்து சம அளவு வெந்நீர் பிடியுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். ஒன்றை மூடுங்கள், மற்றொன்றைத் திறந்து வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டின் வெப்பநிலையையும் எழுதுங்கள். திறந்த வாளி வேகமாக ஆறும். காரணம் ஆவியாதல். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,300 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீர் 1 டிகிரி ஆற 4.2 ஜூல் இழந்தால் போதும். 2,300ஐ 4.2ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் ஆவியாகிப் போனாலும், மீதமுள்ள நீரில் அரை லிட்டருக்கும் அதிகமான பகுதி 1 டிகிரி ஆறிவிடும். சூடான காப்பியை ஊதிக் குடிக்கும்போது நாம் இதைத்தான் விரைவுபடுத்துகிறோம்.

எழுதிய எண்களை வரைபடமாக்கினால் இன்னொன்றும் தெரியும். தொடக்கத்தில் கோடு செங்குத்தாக இறங்கும், போகப்போகச் சாயும். நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறையக் குறைய, ஆறும் வேகமும் குறைகிறது. இது நியூட்டனின் குளிர்தல் விதி.

மஞ்சள் கரு முந்துகிறது

பூங்காவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் முட்டையோடுதான் வருகிறார்கள். அதற்கென ஒதுக்கிய இடத்தில் வாளியில் வெந்நீர் பிடித்து முட்டையை வேகவைக்கலாம். குளத்துக்குள் முட்டையைப் போடக்கூடாது.

வீட்டு அடுப்பில் கொதிக்கும் நீரில் வெளியேயுள்ள வெள்ளைக் கருதான் முதலில் சூடேறிக் கெட்டியாகிறது. இங்கே முறை மாறும். முட்டையில் பல வகைப் புரதங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு வெப்பநிலையில் உருக்குலைந்து, ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகும். மஞ்சள் கரு 65 டிகிரிக்கு மேல் இறுகத் தொடங்கி, 70ஐ ஒட்டிக் கெட்டியாகிவிடும். வெள்ளைக் கருவில் ஒரு புரதம் 62 டிகிரியிலேயே இறுகும் என்றாலும், அதில் மிகுதியாக உள்ள ஓவால்புமின் கெட்டியாக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே 70 டிகிரி நீரில் நெடுநேரம் கிடந்த முட்டையை உடைத்தால், நடுவே மஞ்சள் கரு உருண்டு நிற்கும். வெள்ளைக் கரு தயிர்போலத் தளதளக்கும்.

ஒரு நிபந்தனை: வாளி நீர் ஆறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்து, அவ்வப்போது புது வெந்நீர் மாற்றினால்தான் 70ஐ ஒட்டி நிறுத்த முடியும். பத்து நிமிடத்துக்கு ஒரு முட்டையாக எடுத்து உடைத்துப் பார்த்து எழுதுங்கள். அரைகுறையாக வெந்த முட்டையைச் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்க வேண்டாம்.

அடியில் இருப்பது வெந்நீர் மட்டுமா?

ஒன்றரைக் கிலோமீட்டர் என்று நீங்கள் போட்ட கணக்கைச் சரிபார்க்க ஒரே வழி, துளையிட்டுப் பார்ப்பதுதான். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். செம்பவாங் ஊற்றின் வட்டாரத்தில் தோண்டிய ஆழ்துளையில் 1.12 கிலோமீட்டர் ஆழத்திலேயே 70 டிகிரி பதிவானது. வட சிங்கப்பூரில் தோண்டிய மற்றொரு துளையில் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி. முதல் துளையில் கிலோமீட்டருக்கு 37 டிகிரிக்கு மேல், இரண்டாவதில் 50க்கும் மேல் வெப்பம் கூடுகிறது. உலகச் சராசரியைவிட இது அதிகம்.

இதனால் என்ன பயன்? சிங்கப்பூரின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. எரிவாயு எரிந்தால் கரியமில வாயு வெளிவரும். 2050க்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்குவது நாட்டின் இலக்கு. சூரியத் தகடுகளுக்கு இடம் வேண்டும், இங்கே இடம் குறைவு. காற்றாலைக்குப் பலத்த காற்று வேண்டும், அதுவும் குறைவு. அடிப்பாறையின் வெப்பம் மட்டும் இரவு பகல் பார்க்காது. ஆழத்துக்கு நீரைச் செலுத்திச் சூடேற்றி மேலே கொண்டுவந்தால் மின்சாரம் எடுக்கலாம். அந்த வெப்பத்தைக் கொண்டே கட்டடங்களைக் குளிரூட்டும் இயந்திரங்களையும் இயக்கலாம். தேவையான ஆழம், செலவு, பாறைக்குள் நீர் ஓட வழி உண்டா என்ற கேள்விகளுக்கு இனிமேல்தான் விடை காண வேண்டும். அந்த விடைகளைத் தேடப்போகிறவர்கள் இன்று உயர்நிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம்.

குச்சியை எங்கே நடுவது?

பிற்பகலில் செம்பவாங் பூங்காவின் கடற்கரைக்குப் போங்கள். சிங்கப்பூரில் பல கடற்கரைகள் மணல் கொட்டி உருவாக்கப்பட்டவை. இங்கிருப்பது எஞ்சியிருக்கும் சில இயற்கைக் கரைகளுள் ஒன்று. எதிரே தெரிவது மலேசியாவின் ஜோகூர். நடுவில் ஜோகூர் நீரிணை. இருபுறமும் நிலம் காப்பதால் இங்கே பெரிய அலை கிடையாது. பிரிட்டிஷார் தங்கள் கடற்படைத் தளத்தை இந்த நீரிணையோரம் அமைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1938இல் திறக்கப்பட்ட அத்தளத்தில் தமிழர் பலர் வேலை பார்த்தனர். இன்று ஈசூனில் உள்ள புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், 1960களில் தளத்தின் தொழிலாளர்கள் இப்பகுதியில் ஒரு மரத்தடியில் தொடங்கிய வழிபாட்டிலிருந்து வளர்ந்தது.

அலை இல்லாத கரை, ஏற்றமும் வற்றமும் அளக்க ஏற்றது. பாடநூலில் ஓதங்கள் என்று படித்திருப்பீர்கள். நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் நாளுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த வேறுபாடு மிகுதி. சிங்கப்பூரில் அது சுமார் 3 மீட்டரைத் தொடும். சென்னைக் கரையில் ஏறத்தாழ 1 மீட்டர்தான்.

கிளம்புவதற்கு முன் அன்றைய ஓத அட்டவணையைப் பாருங்கள். கடல் வற்றி முடிந்த நேரத்தில் கரையில் இருப்பது நல்லது. நீர் விளிம்பில் குச்சியை நட்டு, கால் மணிக்கு ஒருமுறை நீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று எழுதுங்கள். வற்றத்திலிருந்து ஏற்றத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம். ஆனால் நீர் ஒரே சீராக ஏறாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, அடுத்து 2, பிறகு 3, மறுபடி 3, அடுத்து 2, கடைசியில் 1. கடலோடிகளின் இந்தத் தோராய விதிப்படி, மொத்த ஏற்றம் 2.4 மீட்டர் என்றால் முதல் மணியில் நீர் 20 சென்டிமீட்டர்தான் உயரும். மூன்றாம் மணியில் 60 சென்டிமீட்டர். ‘தண்ணீர் மெதுவாகத்தானே வருகிறது’ என்று குழந்தைகளை ஈர மணலில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு இந்த எண்களைச் சொல்லுங்கள்.

அளவெடுக்கும் இடைவேளையில் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். மணலில் கடுகும் மிளகும் போன்ற சிறு உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றனவா என்று தேடச் சொல்லுங்கள். விரல் நக அளவேயுள்ள ஒரு நண்டு மணலை வாயில் எடுத்து, அதிலுள்ள உணவைச் சலித்துத் தின்றுவிட்டு, எஞ்சிய மணலை உருட்டிப் போட்டுவிடும். உருண்டைகளை எண்ணலாம், நண்டைப் பிடிக்க வேண்டாம். இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த செம்பவாங் மரத்தையும் பூங்காவில் தேடிப் பாருங்கள். அது நம் நெய்தல் நிலத்துப் புன்னையின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஒரு பக்கம் அடைத்த நீர்

கரையில் நின்று மேற்கே பார்த்தால், அந்தத் திசையில் சில கிலோமீட்டர் தொலைவில் சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலம் இருக்கிறது. 1924இல் திறக்கப்பட்ட அது, தூண்கள் மீது நிற்கும் பாலமன்று. கல்லும் மண்ணும் கொட்டிய கரை. அதனால் நீரிணை இரண்டாகப் பிரிந்தது. செம்பவாங்கில் ஏறும் நீர் கிழக்கிலிருந்து வந்து, கிழக்கிலேயே திரும்ப வேண்டும். ஒரு பக்கம் அடைத்த குழாயில் நீர் மாறுவது மெதுவாகத்தான் நடக்கும். கரையிலிருந்து வந்து சேரும் சத்துகள் அங்கே தங்கினால், நுண்பாசிகள் பெருகும். 2015இல் கிழக்கு ஜோகூர் நீரிணையில் அப்படிப் பெருகியபோது, மீன் பண்ணைகளில் ஏராளமான மீன்கள் செத்து மிதந்தன.

ஆகவே முட்டை ஓட்டையும் நெகிழிப் பையையும் திரும்ப எடுத்துச் செல்வதும் அன்றைய வேலையில் ஒன்று. இங்கே விழுவது எளிதில் வெளியேறாது.

வீடு திரும்பியதும் உங்களிடம் மூன்று வரைபடங்கள் இருக்கும்: ஆறும் வாளிகள் இரண்டு, ஏறும் கடல் ஒன்று. முதல் இரண்டும் தொடக்கத்தில் வேகமாக மாறித் தளர்பவை. மூன்றாவது மெதுவாகத் தொடங்கி, நடுவில் விரைந்து, மறுபடி தளர்வது. ஏன் இந்த வேறுபாடு என்று அடுத்த அறிவியல் வகுப்பில் ஆசிரியரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள்.