லடாக் போக 2 மலைப் பாதைகள்: எது நல்லது?

இமயமலைத் தொடரைத் தாண்டி, வானத்தைத் தொடுவது போன்ற உயரத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் லே. லடாக்கின் பெரிய ஊர் அதுதான். கடல் மட்டத்தில் இருந்து 11 ஆயிரத்து 500 அடி உயரம்!

கோடைக்காலம் வந்தால், குடும்பத்தோடு காரிலும் நண்பர்களோடு மோட்டார் சைக்கிளிலும் லே போகிறவர்கள் ஏராளம். புறப்படும் முன் அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"ஸ்ரீநகர் வழியாகப் போவதா? மணாலி வழியாகப் போவதா?"

தூரத்தைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்ரீநகரில் இருந்து லே சுமார் 420 கிலோ மீட்டர். மணாலியில் இருந்து சுமார் 430 கிலோ மீட்டர். "அப்படியானால் எந்த வழியில் போனால் என்ன?" என்று நினைக்கலாம். அப்படி நினைத்து அவசரமாக ஏறி, நோயில் விழுந்தவர்கள் உண்டு. உயிரை இழந்தவர்களும் உண்டு.

ஆகவே தூரத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அழகைப் பார்த்தும் தேர்ந்தெடுக்காதீர்கள். இரவில் எந்த உயரத்தில் படுத்துத் தூங்கப் போகிறீர்கள்? அதைப் பாருங்கள்.

காற்று குறையும்

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராண வாயுவும் குறையும். கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் லேயில் கிடைக்கும். 17 ஆயிரம் அடிக்கு மேல் போனால் பாதிதான் கிடைக்கும்.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். வேகமாக மூச்சு விடும். ரத்தத்திலும் மாறுதல் செய்துகொள்ளும். ஆனால், அதற்குச் சில நாட்கள் வேண்டும். அந்த அவகாசம் கொடுக்காமல் மேலே ஏறினால் மலை நோய் வரும்.

டாக்டர்கள் சொல்லும் கணக்கு இதுதான்: 10 ஆயிரம் அடியைத் தாண்டிய பிறகு, நேற்றுத் தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் சுமார் 1,600 அடிக்கு மேல் உயரக் கூடாது. பகலில் அதற்கு மேல் ஏறி இறங்கலாம். இரவில் தங்கும் இடம் தாழ்வாக இருக்க வேண்டும்.

பலசாலிக்கும் வரும்

"நான் தினமும் உடற்பயிற்சி செய்கிறவன். எனக்கு ஒன்றும் வராது" என்று சில வாலிபர்கள் சொல்வார்கள். அது தப்புக் கணக்கு.

1962-ம் ஆண்டு சீனாவோடு போர் நடந்தபோது, நமது ராணுவ வீரர்களை அவசரமாக மலை உச்சிகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களில் பலர் மலை நோயால் விழுந்தார்கள். டாக்டர் இந்தர் சிங்கும் அவரோடு இருந்த மற்ற டாக்டர்களும் அவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். 1,925 ராணுவ வீரர்களிடம் கண்டதை எழுதி, 1969-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் டாக்டர்கள் அதைப் படித்தார்கள்.

நோயில் விழுந்தவர்கள் திடகாத்திரமான ராணுவ வீரர்கள்! மலை நோய் ஆளின் பலத்தைப் பார்ப்பதில்லை. ஏறிய வேகத்தைத்தான் பார்க்கிறது.

ஸ்ரீநகர் பாதை

இனி 2 பாதைகளையும் பார்ப்போம்.

ஸ்ரீநகர் 5 ஆயிரத்து 200 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சோனாமார்க் போய், சோஜி லா கணவாயில் ஏற வேண்டும். ("லா" என்றால் லடாக் மொழியில் கணவாய்.) இதன் உயரம் 11 ஆயிரத்து 575 அடி. அதைத் தாண்டி, திராஸ் வழியாகக் கார்கிலுக்கு இறங்கலாம். கார்கில் 8 ஆயிரத்து 780 அடிதான். முதல் இரவை அங்கே கழிக்கலாம்.

மறுநாள் நமிகா லா, போட்டு லா என்ற 2 கணவாய்கள் வரும். போட்டு லாவின் உயரம் 13 ஆயிரத்து 479 அடி. இந்தப் பாதையில் இதுதான் மிக உயரமான இடம். அதன் பிறகு சிந்து நதிக்கரைக்கு இறங்கி, ஆற்றோரமாகவே லே போய்விடலாம்.

ஆகவே இந்த வழி படிப்படியாக ஏறுகிறது. உடம்பும் படிப்படியாகப் பழகுகிறது.

குறை இல்லாத பாதையா? அப்படியும் இல்லை. சோஜி லாவில் சாலை குறுகலானது. ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். கல் சரியும், மழை பெய்தால் சேறாகும். எதிரெதிரே வரும் வண்டிகளை நேரம் பிரித்து விடுவதும் உண்டு. சோனாமார்க் அருகே ஆறரை கிலோ மீட்டர் நீளச் சுரங்கப் பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. கணவாய்க்கு முந்திய பகுதி அதனால் எளிதாகிவிட்டது.

இந்தக் கணவாயில் தமிழர்களுக்கும் ஒரு பெருமை உண்டு. 1948-ம் ஆண்டு, எதிரிகள் சோஜி லாவை மறித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே டாங்கிகள் ஏற முடியாது என்று அவர்கள் நம்பினார்கள். "மெட்ராஸ் சாப்பர்ஸ்" என்ற பொறியியல் படையினர், கோவேறு கழுதை போகும் தடத்தை டாங்கி போகும் பாதையாக மாற்றினார்கள். நவம்பர் 1-ந் தேதி டாங்கிகள் மேலே ஏறின. கணவாய் நம் வசம் ஆனது!

மணாலி பாதை

மணாலி 6 ஆயிரத்து 700 அடி. அங்கிருந்து கிளம்பினால் கேலாங், ஜிஸ்பா என்ற ஊர்கள் வரும். ஜிஸ்பா சுமார் 10 ஆயிரத்து 500 அடி.

அதன் பிறகு ஏற்றம்தான்! பாராலாச்சா லா 16 ஆயிரம் அடி. லாச்சுங் லா 16 ஆயிரத்து 600 அடி. தங்லங் லா 17 ஆயிரத்து 480 அடி. நடுவில் "கட்டா லூப்ஸ்" என்ற 21 கொண்டைஊசி வளைவுகள். மோரே என்ற பரந்த சமவெளி. காணக் கண் கோடி வேண்டும்.

ஆனால், இரவில் எங்கே தங்குவது? பலர் சர்ச்சு என்ற இடத்தில் கூடாரங்களில் தங்குகிறார்கள். அதன் உயரம் 14 ஆயிரம் அடி. இன்னும் சிலர் பாங் என்ற இடம் வரை போய்த் தங்குகிறார்கள். அது 15 ஆயிரம் அடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிஸ்பாவில் தூங்கியவர் மறுநாள் சர்ச்சுவில் தூங்கினால் 3,500 அடி உயர்கிறார். டாக்டர்கள் சொல்லும் அளவைப்போல இரண்டு மடங்கு! மணாலியில் இருந்து நேராகச் சர்ச்சு போனால் 7,300 அடி!

2020 அக்டோபர் 3-ந் தேதி, 9 கிலோ மீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. பாதை 46 கிலோ மீட்டர் குறைந்தது. வசதிதான். ஆனால், ஒரே பகலில் மணாலியில் இருந்து சர்ச்சு போவது அதனால் சுலபமாகிவிட்டது. சாலை சுருங்கியது, உடம்பு பழகும் காலம் சுருங்கவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. சர்ச்சுவில் நள்ளிரவில் நோய் முற்றினால் எப்படி இறங்குவது? தெற்கே போனால் பாராலாச்சா. வடக்கே போனால் லாச்சுங். கீழே இறங்குவதற்கே முதலில் மேலே ஏற வேண்டும்!

எப்படிப் போகலாம்?

ஸ்ரீநகர் வழியாகப் போங்கள். மணாலி வழியாகத் திரும்புங்கள். இதுவே நல்ல திட்டம்.

முதல் நாள்: ஸ்ரீநகரில் ஓய்வு.

2-ம் நாள்: கார்கிலில் தங்கல்.

3-ம் நாள்: ஆல்ச்சி. இது 10 ஆயிரத்து 200 அடி உயரம். பழைமையான புத்த மடம் இருக்கிறது.

4-ம் நாள்: லே. அங்கே 2 நாட்கள் ஓய்வு. அதன் பிறகே சுற்றிப் பார்க்க வேண்டும்.

திரும்பும்போது உடம்பு பழகியிருக்கும். விடியும் முன் லேயில் இருந்து கிளம்பி, சர்ச்சுவில் தங்காமல் ஜிஸ்பா வந்துவிடுங்கள்.

மணாலி வழியாகத்தான் போக வேண்டும் என்றால், ஜிஸ்பாவில் 2 இரவு தங்குங்கள். பிறகு அதிகாலையில் கிளம்பி, நடுவில் தூங்காமல் லே போய்ச் சேருங்கள். அது நீண்ட பயணம். மாற்றி ஓட்ட இன்னொரு டிரைவர் இருப்பது நல்லது.

எந்த வழியானாலும், சாலை திறந்திருக்கிறதா, பாதுகாப்பு நிலைமை எப்படி என்று அதிகாரிகளிடம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பனிக்காலத்தில் இந்தக் கணவாய்கள் மூடப்படும்.

ஜாக்கிரதை!

தலைவலி, வாந்தி, பசியின்மை, மயக்கம், தூக்கமின்மை ஆகியவை மலை நோயின் அறிகுறிகள். மேலே ஏறிச் சில மணி நேரம் கழித்தே இவை தெரியும். இவை இருந்தால் மேலே ஏறாதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? நுரையோடு இருமல் வருகிறதா? நடை தள்ளாடுகிறதா? பேச்சு குழறுகிறதா? உயிருக்கே ஆபத்து! விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிராண வாயு இருந்தால் கொடுத்தபடி உடனே கீழே இறக்கி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

சிறு குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. காரணம் இல்லாமல் அழுதாலோ, சாப்பிட மறுத்தாலோ கவனியுங்கள். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். மலை நோயைத் தடுக்கும் மாத்திரையையும் டாக்டர் சொன்னால்தான் சாப்பிட வேண்டும். மது கூடாது. தூக்க மாத்திரை கூடாது.

வண்டிக்கும் மூச்சு வாங்கும்! காற்று குறைவதால் என்ஜின் இழுவை குறையும். மணாலி பாதையில், கேலாங்குக்கு முன்னால் உள்ள தண்டியில் டாங்க் நிறைய பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் வெகுதூரத்துக்குப் பங்கை நம்பக் கூடாது. சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏறினால் பனி உருகி, மாலையில் வெள்ளம் பெருகும்.

இத்தனைக்கும் அதிகப் பணம் வேண்டியதில்லை. கூடுதலாக 2 நாள் லீவு போதும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். லடாக் போகும் குடும்பங்கள் இந்தப் பழமொழியைப் பெட்டி படுக்கையோடு எடுத்துச் செல்லட்டும்!